யமனைப் பின்னால் மடித்தவள்

தாதாசோ பெண்டாட்டியிடம் வாய்விட்டுக் கேட்டதெல்லாம் சொற்பம். தெருமுனையில் கறந்து, நுரை அடங்குமுன் கொண்டுவந்த எருமைப்பால். ஞாயிறானால் ஆட்டுக்கறியோடு ஒரு கிண்ணம் வெள்ளை ரசம், ஒரு கிண்ணம் சிவப்பு ரசம். அறுந்த பித்தானைத் தைத்துத் தரச்சொல்லிக்கூட அவர் கேட்டதில்லை. பித்தானில்லாத சட்டையோடு ஒரு தீபாவளியையே கழித்தவர். அப்படிப்பட்ட மனிதர் ஒரு கோடைக்காலையில், மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்தபடி, ஒரு விஷயம் கேட்டார்.

"சேவந்தா, அடுத்த தடவ மூச்சு முட்டுச்சுன்னா என்னைத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடாதே. இங்கயே கிடக்க விடு."

சேவந்தா அடுப்பில் கிடந்த பாகரி ரொட்டியைத் திருப்பிப் போட்டாள். "இந்தத் தடவ சோளமாவு சரியில்ல. ஓரமெல்லாம் விரிசல் விடுது," என்றாள்.

"நான் பாகரியப் பத்திப் பேசல."

"நான் பாகரியப் பத்தித்தான் பேசறேன்."

அத்தோடு அன்றைய பேச்சு முடிந்தது. ஆனால் கேட்டது கேட்டதுதான். அந்த ஒற்றை அறை வீட்டில், மூச்சுக்காற்றுப் பெட்டியின் உறுமலுக்கு நடுவே, அந்தக் கேள்வியும் மூன்றாவது ஆளாகக் குடியிருக்கத் தொடங்கியது.

தாதாசோ கோல்ஹாப்பூரின் ஓரத்தில் மோட்டார் மூடி வார்க்கும் ஓர் இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்தவர். வார்ப்பு ஆறியதும் சுற்றியிருக்கும் அச்சுமண்ணை உடைத்து உதற வேண்டும். அதுதான் அவர் வேலை. உதறிய மண் தரையில் பாதிதான் விழும். மீதி எங்கே போயிற்று என்று யாரும் விசாரிக்கவில்லை. இருமல் வந்தபோது ஒரு டாக்டர் காசநோய் என்று மாத்திரை எழுதினார். மாத்திரையெல்லாம் தின்று தீர்த்த பிறகு இன்னொரு டாக்டர் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "உள்ளே மண்ணுதான் இருக்கு," என்றார். அன்று வீட்டுக்கு வந்ததும் தாதாசோ, "என்னை எரிச்சா சாம்பல் வராது பாரு. ரெண்டு மோட்டார் மூடி வரும். வித்துக்கோ," என்று பெண்டாட்டியிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்த சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க மதியமாயிற்று.

அதற்குப் பின் மூன்று தடவை மூச்சு நின்றது. மூன்று தடவையும் சேவந்தாதான் அக்கம்பக்கத்தைக் கூட்டி, வண்டி பிடித்து, கொண்டுபோய்ச் சேர்த்தாள். ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாயை இறக்கினார்கள். அதை அவர் பிடுங்கப் பார்த்ததால் இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு துணிப்பட்டையால் கட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் பிழைத்து வந்தார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாக வந்தார். மூன்றாம் தடவை வந்தவர் நேராகப் படுக்க முடியாதவராக வந்தார். படுத்தால் மூச்சு முட்டும். உட்கார்ந்தபடியே தூங்கி, உட்கார்ந்தபடியே விழித்தார். மணிக்கட்டில் அந்தத் துணிப்பட்டையின் தழும்பு மட்டும் காப்பு போட்டதுபோல் கிடந்தது.

சாங்கலியில் வாழ்க்கைப்பட்ட மகள் வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனாள். அழுவதற்கும் சேவந்தாவுக்கு நேரமில்லை. அவளுக்கு வேலை இருந்தது.

மகாலட்சுமி கோயிலுக்குப் போகும் சாலையில் பிரதாப் ஷிர்காவே என்பவரின் படக்கடை. ஒரு காலத்தில் ராஜாக்கள் அரண்மனைச் சுவரில் தொங்கவிட்ட எண்ணெய் ஓவியங்களை இவர் கான்வாஸ் துணியில் அச்சடித்து, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஓட்டுவீட்டுச் சுவருக்கும் கட்டுப்படியாகும்படி விற்றார். தாமரை லட்சுமி, வீணை சரஸ்வதி, பால் கறக்கும் யசோதை, அன்னத்தோடு பேசும் தமயந்தி எல்லாம் அங்கே சுருள் சுருளாய்க் கிடக்கும். சேவந்தா அந்தக் கடைக்குக் கூட்டிப் பெருக்கத்தான் போனாள். ஒருநாள் சட்டம் அடிக்கும் ஆள் வராமல் போக, துணி இழுக்கும் இடுக்கியைக் கையில் எடுத்தாள். அன்றோடு அந்த ஆளுக்கு வேலை போயிற்று.

இழுத்துக் கட்டுவதில் அவளைப் போல ஒருத்தி அந்தச் சாலையிலேயே கிடையாது. அவள் அடித்த லட்சுமி படத்தின்மேல் ஒரு சுண்டெலி குதித்ததாம். கான்வாஸ் மத்தளம்போல் உதைத்ததில் எலி பறந்து எதிர்கடை பேடாத் தட்டில் போய் விழுந்ததாம். இதைச் சொன்னவன் அந்த எதிர்கடைக்காரன்தான். அந்தத் தட்டுப் பேடாவை என்ன செய்தான் என்பதை மட்டும் அவன் எப்போதும் சொன்னதில்லை.

அந்த வருஷம் ஷிர்காவேக்கு ஒரு யோசனை உதித்தது. ஆனி மாதம் வடபூர்ணிமா வரும். சுமங்கலிகள் உபவாசமிருந்து, ஆலமரத்தைச் சுற்றி நூல் சுற்றி, ஏழு பிறவிக்கும் இதே புருஷன் வேண்டும் என்று கேட்கும் நாள். சாவித்திரி ஆலமரத்தடியில் யமனிடம் வாதாடி சத்தியவானை மீட்டதால் வந்த நோன்பு. ஆகவே சாவித்திரி படம் அச்சடித்தால் பூஜைச்சாமான் கடையில் தேங்காய் போவதுபோல் போகும் என்று கணக்குப் போட்டார். ராஜா காலத்து ஓவியம் ஒன்று கிடைத்தது. வலப்பக்கம் ஆலமரத்தடியில் சாவித்திரி, கைகூப்பி நிமிர்ந்து பார்க்கிறாள். அவள் மடியில் சத்தியவானின் தலை. இடப்பக்கம் யமன், எருமைமேல் ஏறிப் புறப்பட்டவன், திரும்பிப் பார்க்கிறான். அவன் கையிலிருந்து ஒரு கயிறு கிளம்பி, விறைப்பாக வந்து, சத்தியவானின் நெஞ்சில் விழுகிறது. நல்ல படம். கட்டுக்கட்டாய் அச்சடித்துவிட்டார்.

ஒன்றுகூட விற்கவில்லை.

"எமனைக் கொண்டுபோய் எவ வீட்டுல மாட்டுவா?" என்றாள் வந்தவள் ஒருத்தி. "நல்ல நாளும் அதுவுமா, காசு குடுத்து எமன வெத்தலபாக்கு வெச்சு அழைக்கணுமா?"

"அவனை சாவித்திரி ஜெயிச்சுட்டாளே, வைனி," என்று அண்ணி முறை வைத்துச் சமாளித்தார் ஷிர்காவே.

"அவ ஜெயிச்சா. நான் தோத்துட்டா நீங்க வந்து சமைச்சுப் போடுவீங்களா?"

ஷிர்காவே கட்டைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில், சித்தி முறை வைத்து மாவ்ஷி என்றே தான் கூப்பிடும் சேவந்தாவைப் பார்த்தார். "மாவ்ஷி, இதெல்லாம் சாக்குக்குத்தான் ஆகும்போல," என்றார்.

சேவந்தா ஒரு சின்னச் சட்டத்தை எடுத்தாள். படத்தைக் குப்புறப் போட்டு, சட்டத்தைச் சாவித்திரி இருந்த பக்கமாகத் தள்ளி வைத்தாள். எப்போதும் நாலு விரல் துணியைத்தான் சட்டத்துக்குப் பின்னால் மடிப்பார்கள். அவள் ஒரு முழத் துணியை மடித்தாள். யமன், எருமை, கிரீடம், மீசை எல்லாம் சட்டத்தின் முதுகுப்பக்கம் போயிற்று. இழுத்துப் பிடித்து, ஊசித் துப்பாக்கியால் டப் டப்பென்று கம்பியூசி அடித்தாள். திருப்பி நிறுத்தினாள். முன்னால் சாவித்திரியும் சத்தியவானும் ஆலமரமும். யமன் சுவரைப் பார்த்துக்கொண்டு பின்னால்.

"மாவ்ஷி, நீங்க மந்திரியா இருக்க வேண்டியவங்க," என்றார் ஷிர்காவே.

ஒரே ஒரு குறை. கயிறு முன்பக்கமே நின்றுவிட்டது. அதையும் மடிப்பதானால் சத்தியவானின் நெஞ்சையும் சேர்த்து மடிக்க வேண்டும். ஆகவே படத்தில் எங்கிருந்தோ வந்த வெள்ளைக் கயிறு ஒன்று அவன் நெஞ்சில் கிடந்தது. அதைத் துடைத்து மறுபடி அச்சடிக்க ஷிர்காவேக்கு மனமில்லை. "யார் பார்க்கப் போறா?" என்றார்.

பார்த்தார்கள். பார்த்ததும்தான் வாங்கினார்கள்.

"அட, வடபூர்ணிமா நூலு!" என்றாள் முதலில் வந்த பெண். "ஆலமரத்துல சுத்தின நூல புருஷன் நெஞ்சு வரைக்கும் கொண்டாந்திருக்கா பாருங்க. எப்படி வரைஞ்சிருக்கான் மகராசன்."

ஷிர்காவே ஒரு கணம் சேவந்தாவைப் பார்த்தார். சேவந்தா ஊசிப்பெட்டியைப் பார்த்தாள். "ஆமா வைனி. நூலுதான்," என்றார் ஷிர்காவே.

அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. கோல்ஹாப்பூர்ப் பெண்கள் வரிசை கட்டினார்கள். அந்த நூலில் மஞ்சளும் குங்குமமும் தொட்டு வைத்தால் விசேஷம் என்று யாரோ கிளப்பிவிட, வாங்கியவர்களெல்லாம் யமனின் பாசக்கயிற்றுக்குக் குங்குமம் வைத்து, ஊதுபத்தி காட்டி, புருஷனின் ஆயுளைக் கேட்டார்கள். சேவந்தா மடித்துக்கொண்டே இருந்தாள். ஊசி ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழுந்தது: யமனின் வலது காதில் இரண்டு. இத்தனை பெண்கள் கேட்டதில் ஒன்றாவது அந்தக் காதுக்குள் போயிருக்குமா என்பது அவனுக்கே வெளிச்சம்.

மடித்து மடித்து அவளுக்கு அந்த முகம் பழகிவிட்டது. பயங்கரமான முகமில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, உள்ளே இருப்பவள் பேசி முடிக்கட்டும் என்று நிற்கும் உறவுக்காரனின் முகம். அவள் தன் வீட்டுக்கு ஒன்றுகூட எடுத்துப் போகவில்லை. ஷிர்காவே இனாமாகத் தருகிறேன் என்றபோதும், "எங்க சுவருல ஆணி நிக்காது," என்றாள்.

ஆணி நின்றது. நிறுத்தியவள் மாலன்.

மாலன் தாதாசோவின் அக்கா. காகல் ஊரிலிருந்து நோன்புக்காக வந்தவள், தம்பி வீட்டில் கால் வைக்கும்போதே கையில் அந்தப் படத்தோடுதான் வந்தாள். சேவந்தா வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தால், கட்டிலுக்கு நேர் எதிரே சாவித்திரி கைகூப்பிக்கொண்டிருக்கிறாள். நெஞ்சுக் கயிற்றில் மஞ்சள், குங்குமம், ஒரு செம்பருத்திப் பூ. கீழே விளக்கு எரிகிறது.

"உன் கடைப் படந்தான்," என்றாள் மாலன். "கடையில வேலை செய்யறா, புருஷனுக்கு ஒண்ணு கொண்டாந்து மாட்டத் தெரியல. நான் வந்து மாட்ட வேண்டியிருக்கு."

குங்குமம் வைக்கும் வரைதான் அது துணி. வைத்துவிட்டால் சாமி. அதை எடு என்று சொல்ல முடியாது, குப்பையில் போட முடியாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது. "நல்லா இருக்கு அக்கா," என்று சொல்லிவிட்டு, அடுப்படிக்குப் போய், வெறும் பாத்திரத்தை மூன்று தடவை கழுவினாள்.

உட்கார்ந்தபடியே பகலையும் இரவையும் கழிக்கும் மனிதனுக்குப் பார்ப்பதற்கு எதிர்ச்சுவர்தான் உண்டு. தாதாசோ பார்த்தார். மறுநாள் காலை கேட்டார்.

"ஏ சேவந்தா. அது என்ன கயிறு?"

"நூலு. வடபூர்ணிமா நூலு."

"நூலுக்கு இவ்வளவு முறுக்கு எதுக்கு? நான் சங்கிலியும் கயிறும் கட்டி வார்ப்பு தூக்கினவன். எது சும்மா கிடக்குது, எது பாரம் இழுக்குதுன்னு எனக்குத் தெரியும். இது இழுக்குற கயிறு."

"படம் வரைஞ்சவனுக்கு முறுக்கத் தெரிஞ்சிருக்கு, முறுக்கிட்டான். சத்துமாவு கரைச்சுத் தரட்டா?"

"ஒரு முனை அந்தாளு நெஞ்சுல. இன்னொரு முனைய யாரு பிடிச்சிருக்கா?"

"சும்மா இரு தாதூ," என்றாள் மாலன், வெங்காயம் உரித்துக்கொண்டே. "சாமி படத்தப் போயி சந்தேகம் கேக்கறான். சின்னப்புள்ளையிலேருந்து இவன் இப்படித்தான். கணபதியப் பாத்து, தும்பிக்கையில சளி பிடிச்சா என்ன செய்வாருன்னு கேட்டவன்."

"அதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல," என்றார் தாதாசோ.

அன்றும் கேட்டார், அடுத்த நாளும் கேட்டார். மாலன் இல்லாத நேரம் பார்த்து இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்டார்: கயிற்றின் மறுமுனை யாரிடம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக மாட்டாய்தானே. இரண்டுக்கும் சேவந்தா சத்துமாவு கரைத்துக் கொடுத்தாள்.

நோன்புக்கு முந்தின மாலை அவர் குரல் தாழ்ந்து வந்தது.

"இந்த வருஷம் மரத்தச் சுத்தாதே."

"நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேருக்கு நுரையீரல் நல்லா இருக்கு, என்ன வேணா சொல்லுவாங்க. ஏழு பிறவிக்கு இதே ஆளு வேணும்னு கேப்பே. இதே ஆளுன்னா இதே நெஞ்சுதானே? ஏழு தடவ மண்ணு திங்கணுமா நான்? அடுத்த பிறவிக்காவது நல்லா மூச்சு விடற எவனையாவது பாத்துக்கோ. புல்லாங்குழல் ஊதறவன், சங்கு ஊதறவன், அப்படி."

"எனக்கு நீங்க போதும்."

"எனக்கு நான் போதும் போதும்னு ஆயிடுச்சு, சேவந்தா."

மறுநாள் சேவந்தா பச்சைப் புடவை கட்டி, பச்சை வளையல் போட்டு, மாம்பழமும் பலாச்சுளையும் தட்டில் வைத்து, மாலனோடு ஆலமரத்தடிக்குப் போனாள். மழை பிடித்துக்கொண்டது. பெண்களெல்லாம் முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சுற்றினார்கள். சேவந்தாவும் சுற்றினாள். வாய் ஏழு பிறவி என்று சொல்லிற்று. கை தன் தொழிலைச் செய்தது. சுற்றி முடித்தபோது மற்றவர்களின் நூல் மழையில் தொய்ந்து தொங்க, அவளுடைய நூல் மட்டும் மரப்பட்டைக்குள் பதிந்திருந்தது.

நனைந்து வீடு வந்தவளிடம் அவர் கேட்டார். "கட்டிட்டியா?"

"கட்டினேன்."

"இறுக்கமாவா?"

"எனக்கு லூசா கட்டத் தெரியாது."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபம்கூட இல்லை அந்த முகத்தில். அதுதான் அவளைச் சுட்டது.

அடுத்த நாள் மதியம், மழை ஓட்டை உடைப்பதுபோல் பெய்துகொண்டிருந்தபோது, நான்காம் தடவை வந்தது. முதலில் விரல்நுனி நீலமாயிற்று. பிறகு உதடு. பெட்டியின் காற்றை எவ்வளவு கூட்டியும் போதவில்லை. அவர் தோள்கள் ஏறி இறங்கின. வயல் உழும் மாட்டுக்குக்கூட அப்படி இரைத்து யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

"வண்டிக்குச் சொல்லு!" என்று மாலன் அலறினாள். சேவந்தாவின் கை அதற்குள்ளேயே போனை அமுக்கியிருந்தது. பழக்கப்பட்ட கை. தெருவில் முழங்கால் தண்ணீர், ஆம்புலன்ஸ் சுற்றிக்கொண்டு வர வேண்டும், கொஞ்சம் பொறுங்கள் என்றார்கள். சேவந்தா பை எடுத்தாள். சீப்பு, துண்டு, டம்ளர், பழைய மருத்துவச் சீட்டுகள். எல்லாம் ஏற்கெனவே கட்டித்தான் இருந்தன.

தாதாசோ கையை நீட்டினார். தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று அவள் கிட்டே போனாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைக் காட்டினார். நீட்டிய கையின் மணிக்கட்டில் அந்தத் தழும்பு.

"யாரு," என்றார். மூச்சு வாங்கினார். "மறுமுனை."

சேவந்தா பையைக் கீழே வைத்தாள்.

சுவரிலிருந்து படத்தை எடுத்தாள். செம்பருத்தி உதிர்ந்தது. விளக்கு அணைந்தது. "என்னடி செய்யறே, அபசகுனம்," என்று மாலன் ஓடிவந்தாள். சேவந்தா அலமாரியிலிருந்து இடுக்கியை எடுத்து, படத்தைக் குப்புறக் கட்டிலில் போட்டு, ஊசிகளைப் பிடுங்கினாள். அடிப்பதில் இருந்த வேகம் பிடுங்குவதிலும் இருந்தது. யமன் காதிலிருந்த இரண்டையும் கடைசியாகப் பிடுங்கினாள். மடிந்திருந்த துணியை விரித்து, படத்தை நிமிர்த்தி, அவருக்கு எதிரே பிடித்தாள்.

மாலன் வாயில் புடவையைச் செருகிக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். தான் குங்குமம் வைத்தது எதற்கு என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

தாதாசோ பார்த்தார். மடிப்புக்கோடு விழுந்த முகம், கிரீடம், கயிற்றைப் பிடித்த கை. பிறகு எருமையை. எருமையிலேயே கண் நின்றது.

"நல்ல எருமை," என்றார். இரண்டு மூச்சு இழுத்தார். "கறக்குமா?"

"ஆண் எருமைங்க அது."

"அடச்சே."

வாயோரம் சிரிப்புப் போல ஏதோ வந்தது. பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். அன்று முழுவதும் அவளைப் பார்த்தது அப்போதுதான்.

"நான் நெனச்சேன்," என்றார். மிச்சத்தைச் சொல்ல அவருக்கு வெகுநேரம் பிடித்தது. "மறுமுனை... உன் கையிலன்னு."

தெருமுனையில் ஆம்புலன்ஸின் ஓலம் கேட்டது. தண்ணீரைப் பிளந்துகொண்டு வாசலுக்கு வந்து நின்றது. இரண்டு பேர் படுக்கையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். சேவந்தா வாசலுக்குப் போனாள். அவள் கையில் இடுக்கி அப்படியே இருந்தது.

"நாங்க வரல," என்றாள்.

"பேஷண்ட் எங்கம்மா?"

"உள்ளதான் இருக்காரு. வரல. நீங்க போங்க தம்பி. மழையில அலைய விட்டுட்டேன், மன்னிச்சுக்கோங்க."

"ஏய் சேவந்தா!" மாலன் பின்னாலிருந்து அவள் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "பைத்தியமாடி உனக்கு? என் தம்பிய கொல்லப் பாக்கறியா? தம்பிகளா, இவ பேச்சக் கேக்காதீங்க, தூக்குங்க!"

வந்தவர்கள் இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார்கள். உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் தலையை இடமும் வலமும் அசைத்தார். மெதுவாக, ஆனால் சந்தேகமில்லாமல். அவர்களில் மூத்தவன் அதைக் கண்டான். ஒரு தாளை நீட்டிச் சேவந்தாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பினான்.

சேவந்தா கதவைச் சாத்திவிட்டு வந்தாள். படத்தில் இருப்பதுபோல் அவர் தலையை மடியில் வைத்துக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டாள். முடியாது, படுத்தால் முட்டும். ஆகவே கட்டிலில் ஏறி, அவர் முதுகோடு தன் முதுகைச் சாய்த்து, முட்டுக்கொடுத்து உட்கார்ந்தாள். அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. அவர் மூச்சு மட்டும் அவள் முதுகெலும்பில் தட்டித் தட்டித் தெரிந்தது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடச் சற்றுத் தள்ளி வந்தது. மழை விட்டு, ஓட்டிலிருந்து சொட்டுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சமயம், அடுத்தது வரவில்லை. அவள் காத்திருந்தாள். பிறகும் காத்திருந்தாள். முதுகை எடுத்தால் சாய்ந்துவிடுவார் என்று அப்படியே இருந்தாள்.

மாலன் அன்று சொன்னதெல்லாம் அந்தத் தெரு முழுக்கக் கேட்டது. "சாவித்திரி எமனைத் துரத்திவிட்டா. இவ மடிச்சு வெச்சிருந்தவன அவுத்து வீட்டுக்குள்ள விட்டா. கேளுங்க, இல்லேன்னு சொல்லச் சொல்லுங்க."

சேவந்தா இல்லை என்று சொல்லவில்லை. "ஆமா," என்றாள். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் எழுந்து, சேவந்தா முந்தின நாள் நோன்புக்குப் போட்ட பச்சை வளையல்களை உடைத்தார்கள். ஒன்று உடையாமல் அடம் பிடித்தது. ஒருத்தி கல்லைத் தேட, சேவந்தா தானே கழற்றிக் கொடுத்தாள்.

பஞ்சகங்கைக் கரையில் வறட்டி அடுக்கி எரித்தார்கள். மூன்றாம் நாள் சாம்பல் அள்ளப் போன இடத்தில் சேவந்தா குந்தி உட்கார்ந்து, விரலால் நெடுநேரம் துழாவினாள். எலும்பு தேடுகிறாள் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவள் மோட்டார் மூடியைத் தேடினாள். ஒன்றுமில்லை. மெத்தென்ற சாம்பல்தான், எல்லோருடையதும் போல. இதற்காகவா இத்தனை பாரம் இழுத்தீர்கள் என்று மனசுக்குள் அவரைக் கேட்டாள்.

படத்தை ஆற்றில் விடச்சொன்னாள் மாலன். "குங்குமம் வெச்சது நீங்க. வெச்ச சாமியப் போன்னு சொல்லக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லுவீங்க," என்றாள் சேவந்தா. கடையிலிருந்து நீளமான சட்டம் கொண்டுவந்து, படத்தை முழுசாக இழுத்து அடித்து, அதே ஆணியில் மாட்டினாள். துக்கம் கேட்க வந்தவர்கள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தேநீர் குடிக்காமல் எழுந்து போனார்கள். யமனின் முகத்தில் மடிப்புத் தழும்பு போகவில்லை. காதில் இரண்டு ஓட்டை.

பதின்மூன்றாம் நாள் காரியம் கழிந்து கடைக்குப் போனபோது ஷிர்காவே எழுந்து நின்று துக்கம் விசாரித்தார். பிறகு தொண்டையைச் செருமினார். "மாவ்ஷி, தப்பா நினைக்காதீங்க. கல்யாணத்துக்கு, நோன்புக்குன்னு வாங்க வர்றவங்க... முன்கடையில நீங்க நிக்க வேணாம். பின்னாடி கோடவுன்ல உக்காந்து வேலை பாருங்க. வெளிச்சம் நல்லா இருக்கும்."

பின்கடையில் வெளிச்சம் நல்லா இல்லை. ஒரு ஜன்னல், அதற்கு எதிரே ஒரு சுவர். சேவந்தா சுவரைப் பார்த்து உட்கார்ந்து லட்சுமியையும் யசோதையையும் இழுத்துக் கட்டினாள். தமயந்திக்கு அன்னத்தின் கால் மடிந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள்.

மறுவருஷம் வெயில் ஏறியதும் ஷிர்காவே ஒரு பெரிய கட்டைத் தோளில் சுமந்துவந்து அவள் முன் போட்டார். "நம்ம சாவித்திரிதான் மாவ்ஷி. சாங்கலி, சாத்தாரா வரைக்கும் கேக்கறாங்க. அதே மாதிரி மடிச்சிடுங்க. கயிறு மட்டும் முன்னாடி தெரியணும். ஜனங்க அதைத்தான் கேக்கறாங்க."

அவர் போன பிறகு சேவந்தா முதல் துணியைக் குப்புறப் போட்டு, சட்டத்தைச் சாவித்திரி பக்கமாகத் தள்ளி வைத்தாள். ஒரு முழம் மடித்தாள். இழுத்துப் பிடித்தாள், கை முன்போலவே விறைப்பாக இழுத்தது. வாசலில் நிற்கும் உறவுக்காரனின் முகம் பலகைமேல் வந்து படிந்தது. எத்தனை வீட்டில், எத்தனை கட்டிலுக்கு எதிரே இவன் சுவரைப் பார்த்து நிற்கப் போகிறானோ. சாகாதே என்று கேட்பவள் ஒருத்தி இருப்பாள். கட்டிலில், விடு என்று கேட்பவர் ஒருவர் இருப்பார், குரலே எழும்பாமல்.

ஊசித் துப்பாக்கியை எடுத்து யமனின் காதுமேல் வைத்தாள். விரலளவு தள்ளி, எருமைக் கொம்பில் இரண்டு அடித்தாள். கிரீடத்தில் ஒன்று. தோளில் ஒன்று. காதை மட்டும் விட்டுவிட்டாள்.